கேரி கைகாக்ஸ்

எர்னஸ்ட் கேரி கைகாக்ஸ் (ஜூலை 27, 1938 – மார்ச் 4, 2008) ஓர் அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளரும் எழுத்தாளரும் ஆவார். டேவ் ஆர்னெசன் என்பவருடன் இணைந்து 1974 ஆம் ஆண்டில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் பரவலாக அறியப்படுகிறார். இப்பெயருக்கு நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று பொருள். பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுள் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது இதுவே ஆகும்.

விளையாட்டை உருவாக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கைகாக்ஸ் ஆட்டக்காரர்களை ஒன்றுசேர்க்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். விசுகான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் இவர் கூட்டிய குழுவும், இவர் தொடங்கிய ஜென் கான் என்னும் ஆண்டு மாநாடும் இல்லாமல் இவ்விளையாட்டு தோன்றியிருக்க வாய்ப்புக் குறைவு. தாம் நிறுவிய நிறுவனத்தை இவர் பின்னாளில் இழந்தார். எனினும், இவர் தொடங்கிய கூடல்கள் இவருக்குப் பின்னரும் நிலைத்தன.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு

இவ்வகை விளையாட்டில் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் நடுவராக இருப்பார். கற்பனை உலகம் ஒன்றை அமைத்து, அங்கு நிகழ்வனவற்றை விவரிப்பது அவரது பணி. ஏனையோர் ஒவ்வொருவரும் போர்வீரன், மந்திரவாதி, திருடன் போன்ற ஒரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தர் என்ன செய்கிறார் என்பதை வாயால் சொல்வர். வெற்றி தோல்வி ஐயத்திற்கு இடமான செயல்களைப் பகடை உருட்டி முடிவு செய்வர். ஆறு முகப் பகடைகளோடு நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகளும் பயன்படுகின்றன.

ஆட்டம் ஒரே நாளில் முடிவதில்லை. அதே மாந்தர்கள் வாரக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆடப்படுவர். ஆகவே இவ்விளையாட்டுக்குப் பலகையையும் காய்களையும் விட இன்றியமையாதது, தவறாமல் கூடும் ஒரு குழு ஆகும்.

இளமை

கைகாக்ஸ் இலினாய் மாநிலத்தின் சிக்காகோ நகரில் பிறந்தார். தந்தை எர்னஸ்ட் கைகாக்ஸ் சுவிட்சர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர். அவர் சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். தாயின் குடும்பத்தார் லேக் ஜெனீவாவைச் சேர்ந்தவர்கள். 1946 ஆம் ஆண்டில் குடும்பம் அவ்வூருக்கே இடம்பெயர்ந்தது. பின்னாளில் இவருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கிய டான் கே இவரது இளமைக்கால நண்பர்களுள் ஒருவர்.

சிறு வயதிலேயே சதுரங்கமும் சீட்டாட்டமும் கற்றுக்கொண்ட கைகாக்ஸ், மலிவு விலை இதழ்களில் வெளிவந்த கற்பனைக் கதைகளை விரும்பிப் படித்தார். ராபர்ட் ஈ. ஹவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ் ஆகியோரின் கதைகள் இவரை மிகவும் கவர்ந்தன. 1956 இல் தந்தை இறந்தார். பள்ளிப் படிப்பை இடையில் கைவிட்ட கைகாக்ஸ் சில காலம் கடற்படைப் பிரிவு வீரராக இருந்து, உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டார். 1958 இல் மேரி ஜோ பவல் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர். பின்னர் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார்.

போர் விளையாட்டுக் கழகங்கள்

1958 ஆம் ஆண்டின் இறுதியில் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட கெட்டிஸ்பர்க் என்னும் பலகை விளையாட்டு கைகாக்சுக்கு அறிமுகமாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின் புகழ்பெற்ற சமர் ஒன்றை அட்டைக் காய்களைக் கொண்டு மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டு இது. இத்தகைய போர் விளையாட்டுகளில் ஆர்வம் கொண்டோர் அக்காலத்தில் ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறிக் கிடந்தனர். எதிராளி கிடைக்காத பலர் அஞ்சல் வழியாகவே ஆடினர். கையால் தட்டச்சு செய்து படியெடுத்த சிறு இதழ்கள் அவர்களை இணைத்தன. கைகாக்சும் இவ்விதழ்களில் தொடர்ந்து எழுதினார்.

1960களின் பிற்பகுதியில் பில் ஸ்பியர், ஸ்காட் டங்கன் ஆகியோருடன் சேர்ந்து சர்வதேசப் போர் விளையாட்டாளர் கூட்டமைப்பை உருவாக்குவதில் இவர் பங்கேற்றார். ஒவ்வொரு காலப்பகுதியின் போர்முறைக்கும் கூட்டமைப்பினுள் தனிக் கிளைகள் இருந்தன. இடைக்காலப் போர்முறைக்கான கிளையாகிய காசில் அண்ட் குரூசேட் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் கைகாக்ஸ் ஒருவர். இக்கிளைக்கெனத் தனி இதழும் வெளிவந்தது.

ஜென் கான் மாநாடு

1967 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20 ஆர்வலர்கள் கைகாக்சின் வீட்டு நிலவறையில் கூடி விளையாடினர். இது பின்னாளில் சுழியாம் ஜென் கான் என்று அழைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இவர் 50 டாலர் வாடகைக்கு லேக் ஜெனீவாவின் ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால் என்னும் மண்டபத்தை எடுத்து, ஆகஸ்ட் மாதத்தில் முதல் மாநாட்டை நடத்தினார். ஏறத்தாழ 100 பேர் கலந்துகொண்டனர். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர்.

ஜென் கான் என்பது ஜெனீவா கன்வென்ஷன் என்பதன் சுருக்கம் ஆகும். கன்வென்ஷன் என்னும் சொல்லுக்கு மாநாடு, உடன்படிக்கை ஆகிய இரு பொருள்களும் உண்டு. ஊர்ப் பெயருடன் போர்க்கால மனிதநேயம் பற்றிய ஜெனீவா உடன்படிக்கையையும் நினைவூட்டும் சிலேடையாக இப்பெயர் அமைந்தது.

இம்மாநாட்டின் சிறப்பு அதன் அளவில் இல்லை. கடிதம் மூலம் மட்டுமே அறிந்திருந்தவர்கள் முதன்முறையாக நேரில் சந்தித்தனர். தாம் எழுதிய விதிகளை அறிமுகமற்றவர்களுடன் ஆடிச் சோதித்துப் பார்க்க முடிந்தது. 1969 ஆம் ஆண்டு நடந்த இரண்டாவது மாநாட்டில்தான் மினசோட்டா மாநிலத்திலிருந்து வந்த டேவ் ஆர்னெசனைக் கைகாக்ஸ் சந்தித்தார். இருவரும் மைக் கார் என்பவருடன் சேர்ந்து பாய்மரப் போர்க்கப்பல்கள் பற்றிய ஒரு விளையாட்டு விதிநூலை எழுதினர்.

லேக் ஜெனீவாக் குழு

1970 அளவில் கைகாக்ஸ் தம் ஊரிலும் அண்மை ஊர்களிலும் உள்ள ஆட்டக்காரர்களைக் கொண்டு லேக் ஜெனீவா போர்த்தந்திர ஆய்வுச் சங்கத்தை அமைத்தார். அவரது வீட்டு நிலவறையில் மணல் நிரப்பிய பெரிய மேசை ஒன்று இருந்தது. மணலைக் குவித்துக் குன்றுகளும் பள்ளங்களும் அமைத்து, அதன்மேல் சிறு உலோகப் பொம்மைகளை நகர்த்தி உறுப்பினர்கள் ஆடினர். வளர்ந்தவர்களும் பள்ளி மாணவர்களும் ஒரே மேசையில் ஆடியது இக்குழுவின் இயல்பு.

இக்குழுவைச் சேர்ந்த ஜெஃப் பெரன் எழுதியிருந்த சில பக்க இடைக்காலப் போர் விதிகளைக் கைகாக்ஸ் விரித்து எழுதினார். அது 1971 இல் செயின்மெயில் என்னும் நூலாக வெளிவந்தது. நூலின் பிற்சேர்க்கையாக மந்திரவாதிகள், பறவைநாகங்கள் போன்ற கற்பனைக் கூறுகளுக்கும் இவர் விதிகள் எழுதினார்.

இதற்கிடையில் 1970 இல் காப்புறுதி நிறுவனப் பணி பறிபோனது. மனைவி மக்களைக் காக்க இவர் தம் வீட்டிலேயே காலணி செப்பனிடும் தொழிலை மேற்கொண்டார். வருவாய் குறைந்தது, விளையாட்டு எழுத்துக்குக் கிடைத்த நேரம் கூடியது.

பிளாக்மூரும் கிரேஹாக்கும்

மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் ஆர்னெசன் சார்ந்திருந்த குழு வேறொரு வழியில் வளர்ந்து வந்தது. 1969 இல் அக்குழுவின் டேவ் வெஸ்லி, ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு படைக்குப் பதிலாகத் தனி மனிதர் ஒருவரை ஏற்று ஆடும் ஆட்டம் ஒன்றை நடத்தினார். இதனைப் பின்பற்றி ஆர்னெசன் 1971 இல் பிளாக்மூர் என்னும் தொடர் ஆட்டத்தைத் தொடங்கினார். கோட்டைக்கு அடியிலுள்ள நிலவறைகளை மாந்தர்கள் ஆராய்ந்து, பட்டறிவு பெற்று, ஆட்டத்திற்கு ஆட்டம் வலிமை பெறுவது இதன் புதுமையாகும். சண்டைகளுக்குத் தொடக்கத்தில் செயின்மெயில் விதிகள் பயன்பட்டன.

1972 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆர்னெசனும் டேவிட் மெகாரியும் லேக் ஜெனீவாவுக்கு வந்து இவ்வாட்டத்தைக் கைகாக்சுக்கு ஆடிக் காட்டினர். கைகாக்ஸ் உடனடியாகத் தமக்கென ஒரு கோட்டையையும் அதனடியில் நிலவறைகளையும் வரைந்தார். இது கிரேஹாக் எனப் பெயர் பெற்றது. இதில் முதலில் ஆடியவர்கள் இவருடைய குழந்தைகளான எர்னியும் எலிஸும் ஆவர். விரைவில் டான் கே, ராப் கண்ட்ஸ், டெர்ரி கண்ட்ஸ் முதலியோர் சேர்ந்தனர். ஒரே ஆட்டத்துக்கு 20க்கும் மேற்பட்டோர் வந்த நாட்களும் உண்டு. ஒரு நடுவரால் சமாளிக்க முடியாத நிலையில் ராப் கண்ட்ஸ் துணை நடுவரானார். ஒரு குழு வளரும்போது அதனுள்ளிருந்தே புதிய நடுவர்கள் உருவாக வேண்டும் என்பதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு ஆகும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்

ஆர்னெசனின் குறிப்புகளையும் தம் குழுவின் பட்டறிவையும் கொண்டு கைகாக்ஸ் ஏறத்தாழ 50 பக்க வரைவை எழுதினார். பின்னர் அது 150 பக்கங்களாக விரிந்தது. தட்டச்சுப் படிகள் வெவ்வேறு ஊர்களில் இருந்த அறிமுகமான ஆட்டக்காரர்களுக்கு அனுப்பப்பட்டு, அவர்களால் ஆடிச் சோதிக்கப்பட்டன. முந்தைய ஆண்டுகளில் கழகங்கள் மூலம் உருவான தொடர்புகள் இங்கு பயன்பட்டன.

வெளியீட்டாளர் எவரும் கிடைக்காமையால் 1973 அக்டோபரில் கைகாக்சும் டான் கேயும் டி.எஸ்.ஆர். என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். தம் பங்கான 1,000 டாலரை டான் கே தமது ஆயுள் காப்புறுதியின் பேரில் கடனாகப் பெற்றார். அச்சுச் செலவுக்கு அதுவும் போதவில்லை. பிரையன் புளூம் என்பவர் 2,000 டாலர் முதலீடு செய்து மூன்றாவது பங்காளியானார். 1974 ஜனவரியில் 1,000 படிகள் வெளிவந்தன. மூன்று சிறு நூல்களைப் பெட்டிகளில் அடுக்கும் வேலையை வீட்டில் கைகளாலேயே செய்தனர். விலை 10 டாலர். ஓராண்டுக்குள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன.

1975 ஜனவரியில் டான் கே மாரடைப்பால் காலமானார். அவரது பங்கை வாங்கக் கைகாக்சிடம் பணம் இல்லை. புளூம் குடும்பத்தின் பணத்தால் நிறுவனம் மறுசீரமைக்கப்பட்டது. அதன் விளைவாகக் கைகாக்ஸ் சிறுபான்மைப் பங்காளி ஆனார். இதன் முழு விளைவு பத்து ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது.

ஊர் வழக்கமும் பொது விதியும்

1974 இல் வெளிவந்த விதிகள் பல இடங்களில் முழுமையற்றவை. எனவே ஒவ்வோர் ஊர்க் குழுவும் விடுபட்டவற்றைத் தானே இட்டு நிரப்பியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் லீ கோல்ட் என்னும் பெண்மணி 1975 இல் தொடங்கிய அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்னும் இதழில் இத்தகைய ஊர் விதிகள் பல வெளிவந்தன. தொடக்ககால ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் ஆண்களாக இருந்த நிலையில் இவ்விதழ் குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் அவ்விதழுக்கு எழுதிய கடிதத்தில் கைகாக்ஸ் இவ்வேறுபாடுகளை வரவேற்றார். விதிகளை ஒரே சீராக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்றும் தெரிவித்தார்.

ஆயினும் போட்டிகள் வேறொரு தேவையை உருவாக்கின. 1975 இல் பால்ட்டிமோர் நகரில் நடந்த முதல் ஒரிஜின்ஸ் மாநாட்டில், டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்னும் கைகாக்சின் கதைக்களம் போட்டியாக ஆடப்பட்டது. பல குழுக்கள் வெவ்வேறு நடுவர்களின் கீழ் ஒரே கதைக்களத்தை ஆடின. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தோரின் திறனை ஒப்பிட வேண்டுமானால் அனைவருக்கும் விதி ஒன்றாக இருத்தல் வேண்டும். 1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் எழுதிய மேம்பட்ட பதிப்பின் மூன்று நூல்கள் இந்நோக்கத்தைக் கொண்டிருந்தன. இம்முறை அவர் சீரான விதிகளை வலியுறுத்தினார்.

இம்மாற்றத்திற்கு வணிக நோக்கமும் உண்டு என்று பலர் கருதினர். புதிய பதிப்பு வேறொரு விளையாட்டு எனக் கூறி ஆர்னெசனுக்கு உரிமத்தொகை மறுக்கப்பட்டது. ஆர்னெசன் 1979 இல் வழக்குத் தொடர்ந்தார். 1981 இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. ஆனால், விளையாட்டின் உருவாக்கத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்னும் விவாதம் இருவரின் மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்தது.

ஒருங்கமைந்த ஆட்டம்

1980 இல் டி.எஸ்.ஆர். நிறுவனம் பாத்திரமேற்று ஆடுவோர் சங்கத்தைத் தொடங்கியது. இதனை உருவாக்கியவர் கைகாக்சுடன் நெருங்கிப் பணியாற்றிய ஃபிராங்க் மென்ட்சர் ஆவார். உறுப்பினர்களுக்கென 1981 முதல் பாலிஹீட்ரான் என்னும் இதழ் வெளிவந்தது. ஊர்க் கழகங்கள் தங்கள் மாநாடுகளுக்கு வேண்டிய கதைக்களங்களை இச்சங்கத்திடமிருந்து பெற முடிந்தது.

1987 இல் இச்சங்கம் லிவிங் சிட்டி என்னும் பொதுத் தொடர் ஆட்டத்தைத் தொடங்கியது. இதில் ஓர் ஆட்டக்காரர் தம் கதைமாந்தரை ஓர் ஊரின் மேசையிலிருந்து மற்றோர் ஊரின் மேசைக்குக் கொண்டுசெல்லலாம். அறிமுகம் இல்லாத ஊருக்குச் சென்றாலும் அவருக்கு ஆட இடம் கிடைக்கும். 2000 முதல் 2008 வரை நடந்த லிவிங் கிரேஹாக், கைகாக்சின் கற்பனை உலகையே களமாகக் கொண்டது. அவ்வுலகின் ஒவ்வொரு நாடும் உண்மை உலகின் ஒரு நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஒதுக்கப்பட்டது. அந்தந்தப் பகுதியின் தன்னார்வலர் மூவர் கொண்ட குழு அதற்குரிய கதைகளை மேற்பார்வையிட்டது. ஊர் வழக்கத்துக்கும் பொது விதிக்கும் ஒருங்கே இடமளித்த ஏற்பாடு இது.

சர்ச்சைகள்

1979 இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற் போனபோது, அதற்கு இவ்விளையாட்டே காரணம் என்று செய்தித்தாள்கள் ஊகித்தன. ஊகம் தவறு என்று பின்னர் தெரிந்தது. எனினும், விளையாட்டு இளைஞர்களைத் தற்கொலைக்கும் பேய் வழிபாட்டுக்கும் தூண்டுகிறது என்னும் அச்சம் 1980களில் அமெரிக்காவில் பரவியது. சில பள்ளிகளில் மாணவர் கழகங்கள் தடை செய்யப்பட்டன. 1985 இல் கைகாக்ஸ் தொலைக்காட்சியில் தோன்றி இக்குற்றச்சாட்டுகளை மறுத்தார். விளையாட்டுக்கும் தற்கொலைக்கும் காரணத் தொடர்பு இருப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் நிறுவவில்லை.

நிறுவனத்தை விட்டு விலகல்

1980களின் தொடக்கத்தில் டி.எஸ்.ஆர். பெருநிறுவனமாக வளர்ந்தது. கைகாக்ஸ் தொலைக்காட்சி, திரைப்படப் பணிகளுக்காகக் கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டார். 1983 இல் விளையாட்டை ஒட்டிய அசைபடத் தொடர் ஒளிபரப்பாயிற்று. அதே ஆண்டில் இவரது முதல் திருமணம் மணமுறிவில் முடிந்தது. லேக் ஜெனீவாவுக்குத் திரும்பியபோது நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது. நிறுவனத்தை மீட்க இவர் பணியில் அமர்த்திய லொரெய்ன் வில்லியம்ஸ், புளூம் சகோதரர்களின் பங்குகளை 1985 இல் வாங்கிப் பெரும்பான்மை பெற்றார். கைகாக்ஸ் தொடர்ந்த வழக்கு தோல்வியுற்றது. 1986 இல் இவர் நிறுவனத்தை விட்டு விலகினார்.

தாம் வடிவமைத்த விளையாட்டிலும் தம் கற்பனை உலகிலும் இவருக்கு அதன்பின் உரிமை இருக்கவில்லை. தாம் தொடங்கிய ஜென் கான் மாநாடும் டி.எஸ்.ஆர். வசமே இருந்தது. 1992 இல் இவர் வெளியிட்ட டேஞ்சரஸ் ஜர்னீஸ் என்னும் விளையாட்டின் மீதும் டி.எஸ்.ஆர். வழக்குத் தொடர்ந்தது.

இறுதிக்காலமும் மறைவும்

1987 இல் கைகாக்ஸ் கெயில் கார்ப்பென்டரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகன். 1997 இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியதை அடுத்துப் பழைய பகைமைகள் தணிந்தன. இவர் மீண்டும் ஜென் கான் மாநாட்டுக்கு வரத் தொடங்கினார். 1999 இல் லெஜென்டரி அட்வென்ச்சர் என்னும் எளிய விதிகள் கொண்ட விளையாட்டை வெளியிட்டார். லேக் ஜெனீவாவில் தம் வீட்டின் திண்ணையில் நண்பர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த ஆர்வலர்களுக்கும் நடுவராக இருந்து ஆட்டங்கள் நடத்தினார்.

2004 இல் இருமுறை பக்கவாதம் ஏற்பட்டது. வயிற்றுப் பெருந்தமனி வீக்கமும் கண்டறியப்பட்டது. 2008 மார்ச் 4 அன்று தம் இல்லத்தில் 69 ஆவது அகவையில் காலமானார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் அதன் பின்னர் ஊரின் ஒரு மண்டபத்தில் கூடி, அவர் நினைவாக விளையாடினர். இக்கூடலே 2009 முதல் லேக் ஜெனீவாவில் ஆண்டுதோறும் நடைபெறும் கேரி கான் மாநாடாக வளர்ந்தது.

தாக்கம்

வலிமைப் புள்ளிகள், படிநிலைகள், மாந்தர் வகுப்புகள் போன்ற இவ்விளையாட்டின் கூறுகள் பல கணினி விளையாட்டுகளில் எடுத்தாளப்பட்டன. 100 பேருடன் தொடங்கிய ஜென் கான், கெனோஷா, மில்வாக்கி ஆகிய நகரங்களில் நடைபெற்றுப் பின்னர் 2003 இல் இண்டியானாபொலிஸ் நகரை அடைந்தது. 2023 இல் அங்கு 70,000க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ஒருங்கமைந்த ஆட்டத்தின் மரபு, 2014 இல் தொடங்கப்பட்ட அட்வென்ச்சரர்ஸ் லீக் மூலம் தொடர்ந்தது. நூலகங்களிலும் விளையாட்டுக் கடைகளிலும் தன்னார்வ நடுவர்கள் புதியவர்களுக்கு மேசை அமைத்துத் தரும் வழக்கம், ஒரு வீட்டு நிலவறையில் 20 பேர் கூடிய முறையின் வளர்ச்சியே ஆகும்.

முக்கிய ஆக்கங்கள்

செயின்மெயில் (1971, ஜெஃப் பெரனுடன்)
டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974, டேவ் ஆர்னெசனுடன்)
மான்ஸ்டர் மேனுவல் (1977)
பிளேயர்ஸ் ஹேண்ட்புக் (1978)
டூம் ஆஃப் ஹாரர்ஸ் (1978)
டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு (1979)
அனெர்த்ட் ஆர்கனா (1985)
டேஞ்சரஸ் ஜர்னீஸ் (1992)
லெஜென்டரி அட்வென்ச்சர் (1999)